ஊற்றுக்குப் போன உப்பு

நோயுற்றோர் உலக நாள் திருப்பலி மறையுரை
வாசகங்கள்: 2 அரசர்கள் 2:19-22, யோவான் 5:1-9



போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். இந்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதப்போகும் ஒரு மாணவி மட்டும் போகாமல் நின்றாள். பக்கத்தில் அவளுடைய பாட்டி.

“ஃபாதர், எந்த அறிவியல் மனுசனுக்கு ரொம்ப முக்கியம்? அப்பா டாக்டருக்குப் படின்னு சொல்றார். மாமா இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்னு சொல்றார். எனக்கு நட்சத்திரம் பிடிக்கும்” என்றாள்.

பாட்டி குறுக்கிட்டார்: “நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க சாமி. ஒரு மாசமா இதே பேச்சுதான்.”

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நட்சத்திரங்களைப் படிப்பதும் இறைவனின் கைவேலையைப் படிப்பதுதான். இயற்பியல் இல்லாமல் மருத்துவமனையில் எக்ஸ்ரே இல்லை. வேதியியல் இல்லாமல் மருந்து இல்லை. எதைப் பெரிது என்பது, எதைச் சிறிது என்பது? “அடுத்த வாரம் பூசைக்கு வாம்மா, அதற்குள் யோசித்து வைக்கிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. இன்றைய வாசகங்களைத் திறந்தபோது பதில் அங்கே எனக்காகக் காத்திருந்தது.

முதல் வாசகத்தில் எரிகோ நகரத்து மக்கள் இறைவாக்கினர் எலிசாவிடம் வருகிறார்கள். ஊர் நல்ல இடத்தில் அமைந்திருக்கிறது. தண்ணீர்தான் கெட்டது என்று முறையிடுகிறார்கள். அந்தத் தண்ணீரால் சாவு வருகிறது. நிலமும் பலன் தருவதில்லை. எலிசா என்ன செய்கிறார்? வீடு வீடாகப் போய் நோயாளிகள்மேல் கைவைத்து மன்றாடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு புதுக் கிண்ணத்தில் உப்புக் கொண்டுவரச் சொல்கிறார். அதை எடுத்துக்கொண்டு நேரே ஊற்றுக்குப் போகிறார். தண்ணீர் புறப்படும் இடத்தில் உப்பைப் போடுகிறார். ஆண்டவர் அந்தத் தண்ணீரை நலமாக்கினார்.

நோயாளியின் படுக்கையருகே நிற்பது இரக்கம். நோய் புறப்படும் ஊற்றுக்கே நடந்து போவதும் இரக்கம்தான். அதற்கு இரக்கத்தோடு அறிவும் வேண்டும். அன்பானவர்களே, நம்முடைய மலாக்கா மண்ணிலும் ஒரு காலத்தில் ஓர் எரிகோ இருந்தது. நம் பாட்டன் பாட்டிகள் அதில் குடியிருந்தார்கள்.

1896ஆம் ஆண்டு தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் மேற்குக் கரை முழுவதும் காடுகள் விழுந்து பால்மரங்கள் நின்றன. மரம் வெட்ட ஆள் வேண்டுமே! ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்தவர்கள், எரிகோ மக்களைப் போலவே, ஊர் நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து வந்தார்கள். பச்சை மலை, வற்றாத மழை, தட்டாத வேலை. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நேற்று வந்து நின்றவன் இன்று வரவில்லை. நடுக்கம், காய்ச்சல், வேர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே முறைக்காய்ச்சல். தொழிலாளர் குடியிருந்த வரிசைவீடுகளான லயத்தில் ஒரு வீடு விடாமல் படுக்கை. மரம் நட்ட கையே குழியும் தோண்ட வேண்டியிருந்தது.

அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று அன்று யாருக்கும் தெளிவில்லை. கெட்ட காற்று என்றார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். புது மண்ணைக் கிளறியதால் வந்த விஷம் என்றார்கள். நம்மவர்கள் காட்டுத் தெய்வத்தின் கோபம் என்றார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஊற்று எங்கே என்று தெரியாதவன் உப்பை எங்கே போடுவான்?

1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி, இந்தியாவில் செகந்தராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாகக் கொசு கொசுவாகக் கீறிப் பார்த்துக் கண் சோர்ந்துபோன மனிதர். அன்று அந்த வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து கடியின் வழியே அடுத்த உடலுக்குள் போகிறது என்று காட்டினார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றின்மேல் இருந்த பழி நீங்கியது. ஊற்று இருக்கும் இடம் தெரிந்தது: தேங்கிய தண்ணீர்.

தெரிந்தால் போதுமா? 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, நாம் இன்று போர்ட் கிள்ளான் என்று சொல்லும் அந்தத் துறைமுகத்தை, காய்ச்சலுக்குப் பயந்து மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. வாட்சன் கொயினா மருந்து கொடுத்தார். ஆனால் அதோடு நிற்காமல் மண்வெட்டியைக் கேட்டார். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய விட்டார். ஊரைச் சுற்றியிருந்த காட்டைத் துப்புரவாக்கினார். அடுத்த ஆண்டே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

இந்தக் கதையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது, தாழ்ச்சியின் பாடம். கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் போயிற்று. அதே வைத்தியத்தை மேட்டு நிலத்துத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. ஏன்? சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழல் விழும் சதுப்பில் முட்டையிடுவது. மலையடிவாரத்தில் பரப்பியது வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காடு விழுந்து ஓடையின்மேல் வெயில் விழுந்ததும் அது பெருகிவிட்டது. மருந்து என்று நினைத்துச் செய்ததே நஞ்சாக மாறியது. நான் கண்டதே முடிந்த உண்மை என்று வாட்சன் பிடிவாதம் பிடித்திருந்தால் இன்னும் எத்தனை லயங்கள் காலியாகியிருக்கும்! அவர் மறுபடி குனிந்து தண்ணீரைப் பார்த்தார். எந்த இனம் எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று படித்தார். மலையோடைகளை மண்குழாய் பதித்து நிலத்தடியில் ஓடவிட்டார்கள். முடியாத இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலம் படர்ந்தால் கொசுப்புழு மூச்சுவிட முடியாது. நல்ல அறிவியல், தான் தவறியதை ஒப்புக்கொள்ளத் தெரிந்தது. அந்த வகையில் அது ஒப்புரவு அருள்சாதனத்தின் உள்ளத்துக்கு அருகில் இருக்கிறது.

அந்த எண்ணெய் என் குடும்பத்துக்குள்ளும் வந்தது. என் தாத்தா இந்த மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் மலேரியா எண்ணெய் அடிக்கிற வேலை பார்த்தார். முதுகில் தகர டின், கையில் தெளிப்பான். விடிந்தால் கால்வாய், ஓடை, பள்ளம், தவறாமல் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு இடமும். பால் வெட்டுகிறவருக்கு எத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. எண்ணெய் அடிக்கிறவருக்கு என்ன கணக்கு? சாப்பிட உட்கார்ந்தால் உடம்பில் எண்ணெய் வாடை. பிள்ளைகளான நாங்கள் தள்ளி உட்காருவோம். “உங்க தாத்தா என்ன வேலை?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், “தோட்டத்தில வேலை” என்று மட்டும் சொல்வேன். அதை இன்று இந்தப் பீடத்திலிருந்து வருத்தத்தோடு அறிக்கையிடுகிறேன்.

ஏனென்றால் குருவாகி எத்தனையோ நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது, தாத்தாவின் கையிலும் ஒரு நலமளிக்கும் எண்ணெய் இருந்தது என்று. என் கையில் உள்ள எண்ணெய் படுத்துவிட்டவருக்கு. அவர் கையில் இருந்தது யாரும் படுக்காமல் இருப்பதற்கு. அவர் எத்தனை உயிரைக் காப்பாற்றினார்? அவருக்கே தெரியாது. காய்ச்சல் தீர்ந்தவன் டாக்டரைத் தேடிப்போய்க் கும்பிடுவான். காய்ச்சலே வராதவன் யாரைத் தேடிப்போவான்? பத்துத் தொழுநோயாளர் நலம் பெற்றபோது ஒருவராவது திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்தார். நோய் வராமல் காக்கப்பட்டவர்களில் திரும்பி வர ஒருவரும் இல்லை. தங்களைக் காத்தார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இறைவன் நமக்குச் செய்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதானே? நடக்காமல் போன விபத்துக்கு, பிடிக்காமல் போன தீக்கு நம்மில் யார் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்?

நம் சமையலறையோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுவிடும். பக்கத்துச் சிரம்பானில் பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அதே ஊர், அதே மழை. தமிழர்களை மட்டும் இந்த நோய் ஏறக்குறையத் தொடுவதில்லை. காரணம் என்ன? பானைக்குள் பார்த்தார். தமிழர் பானையில் புழுங்கல் அரிசி. சீனர் பானையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. 1905இல் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் மறு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி உண்டவர்களிடையேதான் நோய் பரவியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று பின்னால் விளங்கியது. அதைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம்.

இதை ஏன் சொல்கிறேன்? பெரிய கண்டுபிடிப்பின் திறவுகோல் ஒரு கூலித் தாயின் சோற்றுப்பானைக்குள் இருந்தது. நம் பாட்டிகள் நெல் அவித்ததை அறிவியல் என்று அவர்கள் சொல்லவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை. குனிந்து ஏழையின் பானையைப் பார்த்த அறிவுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. ஞானிகளுக்கும் அறிஞர்களுக்கும் மறைத்ததைத் தந்தை குழந்தைகளுக்கு வெளிப்படுத்தினார் என்று இயேசு ஒருநாள் மகிழ்ந்து புகழ்ந்தாரே, அந்த மகிழ்ச்சியின் ஒரு துளி இங்கும் உண்டு.

மகளே, கேள்வி கேட்டவளே, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என் மனத்தில் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் அறிவியல், மக்கள் நோயில் விழாமல் காக்கும் பொதுச் சுகாதார அறிவியல். குடிக்கும் தண்ணீர், வடியும் சாக்கடை, கழிப்பறை, தடுப்பூசி, பிள்ளை பெறும் தாய்க்குச் சத்துணவு, கொசுவின் பிறப்பிடம் இவற்றையெல்லாம் படிக்கும் அறிவு. இதற்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. எல்லா அறிவியலையும் வேலைக்கு அழைத்துக்கொள்ளும். கால்வாய் வெட்டப் பொறியாளர் வேண்டும். கொசுவின் இனம் பிரிக்க உயிரியல் படித்தவர் வேண்டும். மழை எப்போது வரும் என்று வானிலை பார்ப்பவர் வேண்டும். எந்தத் தெருவில் நோய் கூடுகிறது என்று எண்ணிச் சொல்லக் கணிதமும் உன் மாமா சொல்லும் கம்ப்யூட்டரும் வேண்டும். எல்லாக் கலைகளும் அங்கே ஒரு தாயின் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளைப் போல.

இது நான் புதிதாகச் சொல்வதன்று. இணைச்சட்ட நூலைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொல்கிறார் ஆண்டவர். யாரும் தவறி விழக்கூடாது. விழுந்தபின் தூக்க ஓடுவது இருக்கட்டும், விழாமல் இருக்க முதலில் சுவர் எழுப்பு என்கிறார். பாளையத்தில் இருப்பவன் கருவிகளோடு ஒரு சிறு மண்தோண்டியும் வைத்திருக்க வேண்டும், வெளியே போய்க் குழிதோண்டி மூட வேண்டும் என்கிறார். ஏனென்றால் ஆண்டவர் அந்தப் பாளையத்தின் நடுவே நடக்கிறார். வெறுங்காலோடு வேலை செய்த நம் தோட்டத்து மக்களின் பாதத்தில் புகுந்து இரத்தத்தைக் குடித்த கொக்கிப்புழுவை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வாசியுங்கள். கழிப்பறையைப் பற்றி அக்கறைப்படும் கடவுள் நம் கடவுள். இதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

இனி நற்செய்திக்கு வருவோம். எருசலேமில் பெத்சதா குளம். ஐந்து மண்டபங்கள். நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் படுத்திருக்கிறார். நலம் பெற விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். தண்ணீர் இருக்கிறது. நலம் தரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. ஆள் இல்லை. போக முடிந்தவன் முந்திக்கொள்கிறான். முடியாதவன் முப்பத்தெட்டு ஆண்டு பார்த்துக்கொண்டே கிடக்கிறான்.

நம் சமூகத்துக்கு அந்தக் குளக்கரை நன்றாகத் தெரியும். சயாம் மரண ரயில் என்றால் இங்கே இன்னும் சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளும் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள்; அவர்களில் ஏறக்குறைய 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில், தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் ஜாவானியரும் சேர்ந்து, 180,000க்குக் குறையாதவர்கள் போனதாகவும் 90,000 பேர் அளவுக்கு மாண்டதாகவும் மதிப்பிடுகிறார்கள். ஒரு பக்கம் ஐந்தில் ஒருவர்; மறுபக்கம் இரண்டில் ஒருவர்.

ஏன் இந்த வித்தியாசம்? அதே காடு, அதே மழை, அதே அடி, அதே பசி. 1943இல் வாந்திபேதி வந்தது. கொதிக்கவைத்த தண்ணீர் காப்பாற்றும் என்பது அப்போது உலகத்துக்குத் தெரிந்த உண்மை. போர்க்கைதிகள் முகாமில் அவர்களோடு பிடிபட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைத் தொடாதே, பாத்திரத்தைக் கொதிநீரில் முக்கி எடு என்று கட்டளையிட்டார்கள்; கட்டளை நடந்தது. நம் மக்களின் முகாம்களில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஒருவன் சொன்னாலும் தண்ணீர் காய்ச்சி வைக்க ஏற்பாடு இல்லை. ஆற்றில் குனிந்து குடித்தார்கள். ஆதரவில்லாமல் செத்தார்கள். அறிவியல் உலகத்தில் இருந்தது. அந்த மூங்கில் குடிசைவரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. பெத்சதாவின் அதே அழுகை.

ஆகவே பதிலின் மறுபாதி இது. ஊற்றைத் தேடிப் போகும் அறிவு பெரியது. அந்த அறிவு லயத்தின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போதுதான் அது முழுமையடைகிறது. இயேசு அந்தக் குளக்கரையில் முந்தி வந்தவனைத் தேடிப் போகவில்லை. எல்லாருக்கும் பின்னால் கிடந்தவனிடம் போனார்.

நம் நாடு அந்த வழியில் வெகுதூரம் வந்திருக்கிறது, நன்றி சொல்வோம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியாவில், 2018 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் உள்நாட்டு நோயாளி என்று ஒருவர்கூட மலேசியாவில் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் ஒருவகை மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. நம் பாட்டன்களைக் குழியில் தள்ளிய காய்ச்சலை நம் பேரப்பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்த வெற்றியில் என் தாத்தாவின் தகர டின்னும் உண்டு, கிளினிக்கில் இரத்தம் குத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவியவர்களும் உண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொயினாவை வாயில் போட்டு விழுங்கும்வரை பக்கத்தில் நின்ற டிரசர்களும் உண்டு.

ஆனால் ஊற்று ஒருமுறை நலமானால் போதும் என்று இருந்துவிட முடியாது. 1991இல் துரியான் துங்கால் அணை வற்றியபோது இந்த மலாக்கா பட்டபாடு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாளியோடும் டின்னோடும் நாம் எல்லாரும் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றோம். பணக்காரன், ஏழை, மலாய்க்காரர், சீனர், தமிழர், செட்டி, போர்த்துகீசியர் என்று வித்தியாசம் இல்லாமல் ஒரே வரிசை. தண்ணீர் எவ்வளவு பெரிய அருள் என்பதை அன்று குழாய் நமக்குப் போதித்தது.

இன்று தோட்டங்கள் குறைந்துவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடத்தில் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது. ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் அலோர்காஜாவிலிருந்தும் நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். கொசுவும் கூடவே வந்துவிட்டது. மலேரியாக் கொசு ஓடையைத் தேடியது. டிங்கிக் கொசு நம் வீட்டு வாசலைத் தேடி வருகிறது. பூந்தொட்டியின் தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, வெளியே போட்ட டயர். நம் கல்லறைத் தோட்டத்துப் பூச்சாடிகளையும் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளில் அன்போடு வைத்த பூவின் அடியில் தேங்கிய தண்ணீரில், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். இறந்தவர்களுக்கு வைத்த அன்பு இருப்பவர்களுக்குக் காய்ச்சலாகக் கூடாது. அடுத்த முறை போகும்போது சாடியில் தண்ணீருக்குப் பதில் ஈரமணலைப் போட்டுப் பூவைக் குத்துங்கள். அதுவும் இறந்தோருக்கான மன்றாட்டுத்தான்.

இன்னொரு ஊற்று நம் தட்டிலேயே இருக்கிறது. இந்த நாட்டின் நலவாழ்வு ஆய்வுகளில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்று மீண்டும் மீண்டும் வருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டப்பட்டவர்கள் இந்தக் கோயிலிலேயே இருக்கிறீர்கள். இன்று உங்களுக்காகவே இந்தத் திருப்பலி. உங்களைக் குற்றம் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. வியர்வை சிந்தியவன் ஒரு குவளை இனிப்புத் தேநீரில் களைப்பாறிய பழக்கம் தலைமுறையாக வந்தது. ஆனால் இளம் தாய்மாரே, உங்கள் பிள்ளையின் குவளையில் விழும் சர்க்கரையை இன்று குறைப்பது, முப்பது ஆண்டு கழித்து ஓர் இயந்திரத்திலிருந்து அவனை விடுவிப்பது. எலிசாவின் கிண்ணம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

கடைசியாக, குளக்கரையில் இன்று யார் கிடக்கிறார்? நம் பாட்டன் படுத்த அதே லயத்தில், அதே கம்பிச் சன்னலுக்குப் பின்னால், இன்று வங்காளதேசத்துப் பையனும் இந்தோனேசியக்காரனும் நேப்பாளத்துக்காரனும் படுத்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போகப் பயம். கையில் காகிதம் சரியாக இருக்குமோ, ஒருநாள் சம்பளம் போகுமோ. அவனுக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கிறாள். நம் பாட்டியும் ஒரு காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் தபாலுக்குக் காத்திருந்தாள். நமக்கு ஆள் இல்லாமல் போன வேதனையை அறிந்த நாமே அவனுக்கு ஆள் இல்லாமல் செய்யலாமா? நம் அன்பியங்கள் இந்தத் தவக்காலத்தில் தங்கள் பக்கத்திலுள்ள தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு தாதியையோ மருத்துவ உதவியாளரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

மகளே, நட்சத்திரம் பிடித்தால் நட்சத்திரத்தைப் படி. கண் அவ்வளவு தூரம் பார்க்கப் பழகட்டும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். எதைப் படித்தாலும், இந்த அறிவு கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருமா என்று கேட்டுக்கொண்டே படி. பெற்றோரே, பிள்ளை டாக்டராகாவிட்டால் முகம் சுருங்காதீர்கள். தண்ணீரைச் சோதிப்பவளாக, சாக்கடை கட்டுபவளாக, சுகாதார இலாகாவில் வீடு வீடாக ஏறி இறங்குபவளாக அவள் வந்து நின்றாலும் அது அழைத்தலே. அவளுக்கு யாரும் மாலை போடமாட்டார்கள், நீங்களாவது போடுங்கள்.

நம் கோயிலின் பாதுகாவலர் புனித பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறையில் நம் முன்னோரிடையே நடந்தவர், இந்த மலாக்காவுக்கும் வந்தவர். 1552 டிசம்பரில் சீனாவின் வாசலில் ஒரு தீவில் காய்ச்சலோடு மரித்தார். மறு ஆண்டு அவர் உடலைக் கொண்டுவந்து இங்கே புனித பவுல் குன்றில் சில மாதம் அடக்கம் செய்திருந்தார்கள். காய்ச்சலில் கிடப்பது என்ன என்று அறிந்த அந்தப் புனிதர் நமக்காகப் பரிந்துபேசட்டும்.

எரிகோவுக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். தண்ணீரை நலமாக்கியவர் ஆண்டவர். ஊற்றுக்கு நடந்தவர் எலிசா. ஆனால் கிண்ணமும் உப்பும் யாருடையவை? அந்த ஊர்க்காரர்களுடையவை. இறைவாக்கினர் தம் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டு அடுப்படியில் இருந்ததைக் கேட்டு வாங்கினார். இன்னும் சற்று நேரத்தில் அப்பமும் இரசமும் காணிக்கையாக இந்தப் பீடத்துக்கு வரும். அவற்றோடு உங்கள் வீட்டுக் கிண்ணத்தையும் மனத்தால் கொண்டுவந்து வையுங்கள். படித்த படிப்போ, கையில் உள்ள தொழிலோ, வாரத்தில் ஓய்ந்திருக்கும் ஒரு மணி நேரமோ, அதில் எது இருந்தாலும் போதும். ஆண்டவர் அதை வாங்கிக்கொண்டு ஊற்றுக்கு நடப்பார்.

ஆமென்.